அச்சு என்று எழுதப்பட்ட காதுகள்

அண்ணிக்கு உட்கார்ந்து சாப்பிடத் தெரியாது. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்தபடியே சாப்பிட்டு முடிப்பாள். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று கல்யாணமான முதல் மாதமே என் அண்ணன் கண்டுபிடித்துவிட்டான். ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். அந்தப் பெயரை வைத்த எக்ஸ்ரே அறைக்காரர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார், பெயர் மட்டும் போகவில்லை.

அவள் அசையாமல் இருப்பது ஒரே இடத்தில்தான். ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில், எக்ஸ்ரே அறைக்குப் பின்னால் இருக்கிறது காது சோதிக்கும் அறை. அதற்குள் பீரோவைவிடக் கொஞ்சம் பெரிதாக, சத்தம் புகாத ஒரு கண்ணாடிக் கூண்டு. வந்தவரை அதில் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்துவிட்டு, வெளியே மேசையிலிருந்து சத்தங்களை ஒவ்வொன்றாக அனுப்புவாள். கேட்டால் அவர் அழுத்த வேண்டும். அந்த இருபது நிமிடம் அண்ணி மூச்சு விடுவதுகூடத் தெரியாது. நர்ஸ் படிப்புக்கு விண்ணப்பிக்கப் போனவள் அவள். அந்த வரிசை நீளமாக இருந்ததால் பக்கத்து வரிசையில் போய் நின்றாள். நிற்கப் பொறுமையில்லாமல் சேர்ந்த வேலையில் பத்தொன்பது வருஷம் நின்றுவிட்டாள்.

நான் அவளுடைய நாத்தனார். அண்ணன் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். நீதிமன்றத்தில் தட்டச்சு வேலை. வாக்குமூலங்களை அடித்து அடித்து, மனிதர்கள் வாயைத் திறந்து கெட்டுப்போன கதைகள் எனக்கு அத்துப்படி. இந்தக் கதையில் நான் செய்த உதவி குறைவு, போட்ட சண்டை அதிகம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அரசாங்கத்தில் அனுமதிப் பட்டியல் என்று ஒன்று இருக்கிறது. இருநூறு பக்கத்துக்கு மேல். உடம்பைத் தொட்டு வேலை செய்கிற ஒவ்வொரு தொழிலுக்கும் என்னென்ன செய்யலாம், என்னென்ன செய்யக் கூடாது என்று அதில் போட்டிருக்கும். மருந்துக் கடைக்காரர் ஊசியை விற்கலாம், போடக் கூடாது. பல் டாக்டரின் உதவியாளர் பல்லைத் துலக்கலாம், சுரண்டக் கூடாது. காது சோதிப்பவர்களுக்கு மூன்றே வரி. காதுக்குள் பார்க்கலாம். காதுக்குள் தான் வைத்த பொருளைத் தானே எடுக்கலாம். காதில் இயல்பாக உள்ள எதையும் எடுக்கக் கூடாது.

காதில் இயல்பாக உள்ளது என்ன? குறும்பி. நாம் காது அழுக்கு என்று சொல்வது. சோதிக்க வருகிற பத்துப் பேரில் மூன்று பேருக்கு அது கல்லாக இறுகி அடைத்துக்கொண்டிருக்கும். அடைத்த காதைச் சோதிக்க முடியாது. விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, "உள்ளே அடைச்சிருக்கு, டாக்டரைப் பாருங்க" என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கலாம். அவ்வளவுதான் சட்டம். எங்கள் பக்கத்துக்குக் காது டாக்டர் ஒருவர்தான். எல்லோரும் பெரிய டாக்டர் என்பார்கள். வாரத்தில் இரண்டு நாள் வருவார். அவருக்குப் புற்றுநோய்த் தொண்டைகளையும் உடைந்த மூக்குகளையும் பார்க்கவே நேரம் போதாது. அழுக்கு எடுக்கப் பதினொரு வாரம் காத்திருக்க வேண்டும்.

ஒரு பஸ் டிரைவர் வந்தார். காது சோதனையில் தேறாததால் அவரை வண்டியை விட்டு இறக்கி டெப்போவில் டயர் எண்ண வைத்திருந்தார்கள். "என் பொண்டாட்டி ரெண்டு மாசமா என்கிட்ட பேசறதில்ல மேடம்" என்று தனியாக ஒரு புகார் வேறு. அண்ணி விளக்கை வைத்துப் பார்த்தாள். இரண்டு காதும் அடைப்பு. இரண்டு நிமிட வேலை. சீட்டு எழுதி அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தவள், அன்று முழுக்க வாசலுக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே இருந்தாள்.

இந்த மூன்று வரிக்குக் காது சோதிப்பவர்கள் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். காது மிஷின் பொருத்த, முதலில் காதுக்கு அச்சு எடுக்க வேண்டும். பிசைந்த மாவு போன்ற ஒரு பசையைக் காதுக்குள் செலுத்தி, ஐந்து நிமிடம் இறுக விட்டு, அப்படியே இழுத்து எடுப்பார்கள். அடைத்த காதில் இதைச் செய்தால் அழுக்கும் பசையோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். பசை அவர்கள் வைத்தது. வைத்ததை எடுக்கலாம். அதோடு வேறு எதுவும் வந்தால் சட்டம் என்ன செய்யும்? ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் 'அச்சு எடுக்கப்பட்டது' என்று எழுதிவிடுவார்கள். காதும் காதும் வைத்தாற்போல நாடு முழுக்க இது நடந்துகொண்டிருந்தது.

அண்ணியும் இரண்டு வருஷம் அதைத்தான் செய்தாள். ஒருநாள் ஒரு கிழவருக்குப் பசை ஆழத்தில் போய் இறுகிக்கொண்டது. இழுக்க வரவில்லை. அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு கத்தினார். பெரிய டாக்டர் வந்து மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுக்க முடிந்தது. அடைத்த காதுக்குள் பசையைத் தள்ளுவது ஆபத்து என்று படித்த எல்லோருக்கும் தெரியும், தெரிந்துதான் செய்கிறார்கள். அதன் பிறகு அண்ணி சீட்டு மட்டுமே எழுதினாள், டிரைவர் வந்தது அந்தச் சமயத்தில்தான்.

அதற்கடுத்த வருஷம் ஆஸ்பத்திரி அவளைப் புதிய காது மிஷின்களைப் பற்றிக் கற்றுக்கொள்ளப் பக்கத்து நாட்டுக்கு ஆறு வாரம் அனுப்பியது. அங்கே காது சோதிப்பவர்கள் குறும்பி எடுக்கலாம். நெற்றியில் விளக்கு, கையில் நுனியில் சின்ன வளையம் வைத்த கம்பி. முறையாகக் கற்றுக்கொடுத்துச் சான்றிதழும் கொடுத்தார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் படித்த கை, இந்தப் பக்கம் வந்ததும் குற்றம் செய்கிற கை. பெட்டியில் சான்றிதழோடு கம்பிகளும் வந்தன. பசை டப்பாவை அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டுக் கம்பியைக் கையில் எடுத்தாள்.

எடுத்ததோடு விட்டாளா? அங்கே இன்னொன்றும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு காதையும் எழுதி வைக்க வேண்டும். பெயர், தேதி, வலதா இடதா, எவ்வளவு ஆழம், வலித்ததா, ரத்தம் வந்ததா, பிறகு எப்படிக் கேட்டது. அதற்கென்று ஒரு நீல அட்டை நோட்டு. ஐந்து வருஷத்தில் ஆயிரத்து இருநூற்று ஆறு காதுகள். அதைப் பார்த்த அன்று நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"திருடன் எங்கயாவது திருடினதை எழுதி வைப்பானா அண்ணி?"

"நான் என்ன திருடினேன்? அழுக்கைத்தானே எடுத்தேன்."

"கோர்ட்டுல இதுக்குப் பேரு வாக்குமூலம்."

"எழுதலைன்னா என் கை நல்லா இருக்கா கெட்டுப்போச்சான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிட்டு மாடிப்படியில் இறங்கிப் போய்விட்டாள். எழுதுவதை நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் மட்டும் ஊரோடு ஒத்து 'அச்சு' என்று எழுதினாள். ஒவ்வொருவரிடமும் நாற்காலியிலிருந்து எழும்போது ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினாள். "யாராவது கேட்டா அச்சு எடுத்தாங்கன்னு சொல்லுங்க. வேற ஒண்ணும் சொல்லாதீங்க." அந்த ஒரு வார்த்தை என்ன பாடுபடுத்தப் போகிறது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

ஏழு வருஷத்துக்கு ஒருமுறை பட்டியலைத் திருத்துவார்கள். போன வருஷம் அந்த முறை வந்தது. புதிதாக ஒரு சிகிச்சையைச் சேர்க்க வேண்டுமானால் தொழிற்சங்கம் விண்ணப்பிக்க வேண்டும். ஒன்பது கேள்விகள். அந்தப் படிவத்தைச் சங்கச் செயலாளருக்காகத் தட்டச்சு செய்து கொடுத்தவள் நான்தான். இந்தச் சிகிச்சையால் யாருக்கு நன்மை, என்ன ஆபத்து, என்ன படிப்பு வேண்டும் என்று வரிசையாக வந்து, ஏழாவது கேள்வியில் என் விரல் நின்றுவிட்டது. 'இந்நாட்டில் இத்தொழிலினர் இச்சிகிச்சையைப் பாதுகாப்பாகச் செய்துள்ளமைக்கான விவரம்.' செய்யக் கூடாது என்று அவர்களே தடுத்து வைத்திருக்கிறார்கள். தடுத்ததை எத்தனை முறை செய்தாய் என்று அவர்களே கேட்கிறார்கள்.

"'இல்லை'ன்னு போடுங்க" என்றார் செயலாளர். போட்டேன்.

விசாரணை, உரிமத் துறைக் கட்டிடத்தின் நாலாம் மாடியில். யார் வேண்டுமானாலும் போய்ப் பின்னால் உட்காரலாம். விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். குழுவில் ஏழு பேர். தலைவி ஓய்வு பெற்ற நீதிபதி, எழுதுகோலைத் திறக்காமலே எல்லாவற்றையும் கேட்கிறவர். எங்கள் பெரிய டாக்டரும் அதில் ஓர் உறுப்பினர். புள்ளிவிவர அதிகாரி என்று கண்ணாடி போட்ட ஓர் அம்மாள். செயலாளர் பேசி முடித்ததும், அண்ணி பக்கத்து நாட்டுச் சான்றிதழைக் காட்டினாள். அதற்குமேல் பேசக் கூடாது என்று செயலாளர், அண்ணன், நான் மூவருமே அவளிடம் சொல்லியிருந்தோம். எழுந்து நின்றவள், பேசி முடித்த பிறகும் உட்காராமல் சுவரோரமாக நின்றுகொண்டாள்.

பெரிய டாக்டர் பேசினார். அவர் மேல் எனக்குக் கோபம்தான், ஆனாலும் அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. "கம்பி ஒரு இழை தவறினா செவிப்பறை கிழியும். ஹேர்பின்னால கிழிச்சுக்கிட்டு வர்றவங்களை வாரா வாரம் பார்க்கிறேன். அச்சு எடுக்கப் போய் இவங்களே கிழிச்சதையும் பார்த்திருக்கேன். இந்த நாட்டுல இவங்கள்ல ஒருத்தர்கூடக் குறும்பி எடுத்ததில்லைன்னு இவங்களே எழுதிக் கொடுத்திருக்காங்க. எதை நம்பி அனுமதிக்கிறது?"

கண்ணாடி அம்மாள் ஒரு தாளைத் தூக்கிப் பிடித்தார். "எனக்கு ஒரு சந்தேகம். போன வருஷம் எடுத்த அச்சு ஒன்பதாயிரம். பொருத்தின காது மிஷின் ரெண்டாயிரத்துச் சொச்சம். மிச்ச ஏழாயிரம் அச்சு எதுக்கு?"

செயலாளர் தன் செருப்பைப் பார்த்தார். காது சோதிக்கிற பத்துப் பதினைந்து பேர் பின்வரிசையில் இருந்தார்கள், எல்லோருக்கும் திடீரென்று அவரவர் செருப்பு பிடித்துப்போயிற்று. நான் அண்ணியைப் பார்த்தேன். அவள் வலது கால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. தட்டுவது நின்றதும், போச்சு என்று நினைத்தேன்.

கைப்பையிலிருந்து நீல நோட்டை எடுத்துக்கொண்டு நேராகத் தலைவியின் மேசைக்குப் போனாள். அவள் அதைக் கொண்டுவந்திருப்பதே எனக்குத் தெரியாது.

"அது அச்சு இல்லைங்க. அழுக்கு எடுக்கத்தான் அச்சுன்னு எழுதறோம். பசை போட்டு எடுக்கிறது ஆபத்து. நான் அஞ்சு வருஷமா கம்பியால எடுக்கிறேன். எல்லாம் இதுல இருக்கு."

தலைவி நோட்டைத் தொடவில்லை. "இதை நாங்க வாங்கிக்கிட்டா உங்க லைசென்ஸுக்கு என்ன ஆகும்னு தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் கொடுக்கிறீங்களா?"

"ஏழாவது கேள்விக்கு வேற யாரும் பதில் சொல்ல மாட்டாங்க."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். வீட்டுக்கு வந்து அண்ணன் கத்தினான், நான் கூடச் சேர்ந்து கத்தினேன். அவள் துணி மடித்துக்கொண்டே எங்கள் இருவரின் கத்தலையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், "அந்தப் பசையில ஒருநாள் யாரோட காதாவது போகும். புதுசா சேர்ற பொண்ணுங்க அதைத்தான் பழகுதுங்க" என்று மட்டும் சொன்னாள்.

ஐந்து வாரம் கழித்து உரிமத் துறையிலிருந்து கடிதம் வந்தது. அதைப் பிரித்துப் படித்தபோது நாங்கள் மூவருமே சமையலறையில் இருந்தோம். நோட்டில் உள்ளவர்களில் நாற்பது பேரைத் தொலைபேசியில் அழைத்து விசாரித்தார்களாம். நாற்பது பேரும் ஒரே வார்த்தை சொன்னார்களாம். 'அச்சு எடுத்தாங்க.' கம்பியைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியவில்லையாம். ஆகவே நோட்டில் உள்ள விவரம் மெய்யென ஏற்க இயலவில்லை. இருபத்தொரு நாட்கள் கழித்து நடக்கும் இரண்டாம் விசாரணைக்குள் நிரூபிக்கத் தவறினால் விண்ணப்பம் தள்ளுபடியாகும்.

அண்ணன் முதலில் புரியாமல் பார்த்தான். அப்புறம் அவன் முகம் மலர்ந்தது. "ஏய், தப்பிச்சே. சும்மா எழுதிப் பார்த்த நோட்டுன்னு ஒரு வரி எழுதிக் கொடுத்துடு. லைசென்ஸ் தப்பிச்சுது."

நானும் அதைத்தான் நினைத்தேன். நானே அடித்துத் தருகிறேன் என்றேன். ஜனங்களின் நன்றியை நினைத்து எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. எப்போதோ சொல்லி அனுப்பிய ஒரு வார்த்தையை நாற்பது பேரும் அரசாங்கத்திடமே காப்பாற்றியிருக்கிறார்கள்.

அண்ணி அடுப்பை அணைத்தாள். "எல்லாரையும் பொய் சொல்ல வச்சது நான்தான்" என்றாள். "அடுத்த திருத்தம் ஏழு வருஷம் கழிச்சு. ஏழு வருஷமும் பசையா?" முகத்தைக் கழுவிவிட்டு வந்து என்னிடம் கேட்டாள். "உன்கிட்ட எத்தனை நாள் லீவு இருக்கு?"

பதினொரு நாள் இருந்தது. பதினொரு நாளும் போயிற்று. ஊரில் எந்தத் தெருவும் பாக்கியில்லை. எனக்குக் கால் வீங்கியது, அவள் செருப்பு அறுந்தது. எனக்கு எதிராகச் சாட்சி சொல்லுங்கள் என்று வீடு வீடாகப் போய்க் கெஞ்சுகிற ஒரு பெண்ணை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நீதிமன்றத்தில் நான் பார்த்ததில்லை. கதவைத் திறந்தவர்கள் எல்லோரும் அண்ணியைப் பார்த்துச் சிரித்து, உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, விஷயத்தைக் கேட்டதும் கண்ணைச் சிமிட்டினார்கள். அவளை மாட்டிவைக்க அரசாங்கம் செய்கிற தந்திரம் என்று நினைத்துக்கொண்டார்கள். ஒரு தலைமையாசிரியர் என்னைத்தான் சந்தேகமாகப் பார்த்தார். நான் ஆபீஸ் ஆள் என்று அவருக்கு நிச்சயமாகிவிட்டது. "இவங்க என் காதைத் தொட்டதே இல்லம்மா, வெறும் அச்சு" என்று என்னிடம் சத்தமாகச் சொல்லிவிட்டு, அண்ணியைப் பார்த்து ரகசியமாகத் தலையாட்டினார்.

பஸ் டிரைவர் வீட்டுக்கும் போனோம். பதினொரு வாரம் முடியும்வரை காத்திருக்க முடியாமல் அவர் திரும்பவும் வந்தபோது அண்ணி பக்கத்து நாட்டிலிருந்து கம்பியோடு வந்துவிட்டிருந்தாள், எடுத்துவிட்டாள். மறுநாளே அவருக்கு வண்டி கிடைத்தது. "பொண்டாட்டி பேசலைன்னு சொன்னேனே, ரெண்டு மாசமும் பேசிக்கிட்டேதான் இருந்திருக்கா. கொஞ்ச நாள் கழிச்சே எடுத்திருக்கலாம் மேடம்" என்றார். உள்ளிருந்து அவர் மனைவி, "எனக்குக் கேட்குது" என்றார்.

"அண்ணே, அதையே ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க" என்றாள் அண்ணி.

அவர் சிரிப்பை நிறுத்தினார். "வாக்குக் கொடுத்திருக்கேன். என் வாயால உங்க சோத்துல மண்ணைப் போட மாட்டேன்."

"நீங்க சொல்லாட்டி, உங்களை மாதிரி இன்னொரு டிரைவர் டயர் எண்ணிக்கிட்டு இருப்பாரு."

"இருக்கட்டும். எனக்கு அவரைத் தெரியாது, உங்களைத் தெரியும்."

அவர் மனைவிதான் கடைசியில் காகிதத்தைக் கொண்டுவந்து அவர் முன்னால் போட்டார். "அவங்களே கேட்கிறாங்க. போடுங்க" என்றார். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். நாங்கள் கிளம்பும்போதும் வெளியே வரவில்லை.

பதினொரு நாளில் முப்பத்தொரு கையெழுத்து. கொண்டுபோய்க் கொடுத்தோம். கண்ணாடி அம்மாள் அவற்றை வாங்கிப் புரட்டினார். கெட்டவர் இல்லை அவர். தாழ்ந்த குரலில்தான் சொன்னார். "முப்பத்தொரு பேரும் நல்லா இருக்கேங்கிறாங்க. நீங்களே போய் வாங்கிட்டு வந்த கையெழுத்து. இதை யாரும் நம்ப மாட்டாங்கம்மா. நோட்டுல ஒரே ஒரு இடத்துல செவிப்பறை கிழிஞ்சதுன்னு எழுதியிருக்கீங்க. அவங்க கையெழுத்து இதுல இல்லையே."

தெருவுக்கு வந்ததும் நான் கேட்டேன். "அவங்க வீட்டுக்கு மட்டும் ஏன் போகலை?"

"பயம்" என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டது அன்றுதான்.

அந்தப் பெண் ஒரு தையல்காரி. பள்ளிக்கூடச் சீருடை தைப்பவர். நோட்டின் மூன்றாம் வருஷத்தில், கம்பி உள்ளே இருக்கும்போது இருமிவிட்டார். ஒரு கணம்தான். அண்ணியே ஆட்டோ பிடித்துப் பெரிய டாக்டரிடம் கூட்டிப் போனாள். போனவள் அவரிடம், "அச்சு எடுக்கும்போது ஆயிடுச்சு" என்று சொல்லிவிட்டாள். பொய். டாக்டர் அதையே எழுதிக்கொண்டார். விசாரணையில் அச்சு எடுக்கப் போய்க் கிழித்ததாகச் சொன்னாரே, அந்தக் காதுகளில் இதுவும் ஒன்று. நோட்டில் மட்டும் அண்ணி உண்மையை எழுதியிருந்தாள். 'வலது. இருமல். என் கை தாமதம். ரத்தம். செவிப்பறை கிழிந்தது.' அந்தப் பக்கத்தில் எழுத்துக் கோணலாக இருக்கும்.

தையல்காரியின் கடை ஒரு சந்தில், இரண்டு மிஷின் போட்டால் நடக்க இடமில்லாத அறை. நீலத் துணி மலைபோல் குவிந்து கிடந்தது. அண்ணி வாசலிலேயே நின்றுகொண்டு விஷயத்தைச் சொன்னாள். தையல்காரி மிஷினை நிறுத்தாமல் கேட்டார். ஒரு சட்டைக் கை முழுக்கத் தைத்து முடித்து, நூலைக் கடித்து அறுத்தார்.

"நான் வந்து சொன்னா உங்க வேலை போயிடுமா?"

"போகலாம்."

"சொல்லாட்டி?"

"போகாது."

"அப்புறம் ஏன் வந்தீங்க?"

நான் சொல்லலாம் என்று வாயெடுத்தேன், அண்ணி என் கையைப் பிடித்து அழுத்தினாள். "உங்க காதைக் கிழிச்சுட்டு டாக்டர்கிட்ட அச்சுன்னு பொய் சொன்னேன்" என்றாள். "நீங்க பக்கத்துலயே உட்கார்ந்து கேட்டுக்கிட்டு இருந்தீங்க. அதுக்கு நான் இன்னும் உங்ககிட்ட மன்னிப்புக்கூடக் கேட்கலை."

தையல்காரி அடுத்த சட்டையை எடுத்தார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. நாங்கள் திரும்பி வந்தோம். விசாரணைக்கு இன்னும் நான்கு நாள். அந்த நான்கு நாளும் அண்ணி வீட்டில் இருந்த ஒவ்வொரு அலமாரியையும் காலி செய்து திரும்ப அடுக்கினாள். முடித்துவிட்டு என் மாடிக்கு வந்து என் அலமாரியையும் அடுக்கினாள்.

இரண்டாம் விசாரணை தொடங்கி அரை மணி நேரம் வரை தையல்காரி வரவில்லை. தலைவி முப்பத்தொரு கையெழுத்தையும் ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டார். அப்போது கதவு திறந்தது. நல்ல புடவை கட்டிக்கொண்டு, விரலில் ஊசிக் கவசத்தைக் கழற்ற மறந்து வந்திருந்தார்.

"இவங்க கம்பியாலதான் எடுத்தாங்க" என்றார். "அச்சு இல்ல. பசையே போடலை. நான் இருமிட்டேன், கிழிஞ்சுது. ஏழு வாரத்துல ஆறிடுச்சு."

பெரிய டாக்டர் தன் பையிலிருந்து பழைய கேஸ் தாள் ஒன்றை எடுத்தார். நோட்டு சொன்னதைச் சரிபார்க்க அவரே தேடிக்கொண்டு வந்திருக்கிறார். தேதியைப் பார்த்தார், நோட்டின் பக்கத்தைப் பார்த்தார். இரண்டும் ஒன்று. நிமிர்ந்து அண்ணியைப் பார்த்த பார்வையில் கோபம் தெரிந்தது. "என்கிட்ட அச்சுன்னு சொன்னீங்க."

"ஆமா டாக்டர். பொய் சொன்னேன்."

அவர் தையல்காரியிடம் திரும்பினார். "உங்க காதைக் கிழிச்சுட்டு என்கிட்ட மறைச்சிருக்காங்க. இவங்களுக்காக நீங்க ஏன் பேச வந்தீங்க?"

"இவங்களுக்காக வரலை. கேட்டாங்க, நடந்ததைச் சொல்ல வந்தேன்." தையல்காரி தன் வலது காதைத் தொட்டார். "கிழிஞ்சது வலது காது. அது ஆறினதுக்கு அப்புறம் இடது காதும் அடைச்சுது. இவங்ககிட்டத்தான் போனேன். அது எந்தப் பக்கத்துல எழுதியிருக்குன்னு எனக்குத் தெரியாது. பாருங்க, இருக்கும்."

தலைவி அன்றுதான் முதல் முறையாக நோட்டைத் தன் கையால் எடுத்துப் புரட்டினார். அறை முழுக்கப் பக்கம் திரும்புகிற சத்தம். நான்கு மாதம் தள்ளி, ஒரு வரியில் விரலை வைத்து நிறுத்தினார். சத்தமாகவே வாசித்தார். "இடது. நடுத்தர ஆழம். வலி இல்லை. ரத்தம் இல்லை. இருமல் மிட்டாய் கொடுத்து உட்கார வைத்தேன்." அப்புறம் நோட்டைப் பெரிய டாக்டரின் பக்கம் நகர்த்தினார். அவர் அந்த வரியைப் படித்தார். பிறகு தன் கேஸ் தாளில் 'அச்சு' என்ற சொல்லை அடித்துவிட்டு மேலே 'கம்பி' என்று எழுதினார்.

மூன்று வாரம் கழித்து ஒரே உறையில் இரண்டு தாள் வந்தது. நான்தான் பிரித்தேன். முதல் தாள், திருத்திய பட்டியலின் ஒரு பக்கம். காது சோதிப்போர், உரிய பயிற்சிக்குப் பின், காதிலுள்ள குறும்பியைக் கருவி கொண்டு அகற்றலாம். அடைப்புள்ள காதில் அச்சு எடுக்கக் கூடாது. கீழே சின்ன எழுத்தில் ஆதாரம்: தொழிலினர் ஒருவரின் ஐந்தாண்டுக் குறிப்பேடு. பெயர் இல்லை. இரண்டாம் தாள், அனுமதியில்லாச் சிகிச்சை செய்தமைக்காகவும் மருத்துவரிடம் தவறான தகவல் அளித்தமைக்காகவும் ஓராண்டுக்கு உரிமம் நிறுத்திவைப்பு. ஆதாரம், அதே குறிப்பேடு. இதில் பெயர் இருந்தது. முழுப் பெயர், அவள் அப்பா பெயரோடு.

எனக்கு ஆத்திரம் வந்தது. இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு போய் அந்த நாலாம் மாடியில் வீசியெறிய வேண்டும் போலிருந்தது. அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அண்ணி இரண்டாம் தாளை நாலாக மடித்து என் கையில் கொடுத்தாள். "சரியாத்தான் எழுதியிருக்காங்க" என்றாள். "முதல் தாளை இன்னொரு தடவை படி."

படித்தேன். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு தடவை என்றாள். 'அகற்றலாம்' என்ற இடம் வந்ததும் அவளே தாளை வாங்கி, மிச்சத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டாள்.